மன்னிப்புக் கேட்காத வக்கீல்

செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஒருவர், தாம் செய்த தவறுக்கும் அதைக் கேட்க மாட்டேன் என்று நின்றுவிட்டால், அவரை நம்பி வந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? சென்னையில், தொழிலாளர் நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில், அஞ்சலை என்ற பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வந்தது. மூன்று ஆண்டுகளாக நடந்த அவருடைய வழக்கு அன்று பிற்பகல் ஏறக்குறையக் கைநழுவிவிட்டது. காரணம் எளியது: அவருடைய வக்கீல் வந்து சேரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பது மாலையில் தெரிந்தபோது, எனக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று விளங்கவில்லை.

அந்த வக்கீலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் செங்கல்பட்டிலோ கடற்கரைப் பக்கத்திலோ ஒருவருக்கு வேலை போய்விட்டதென்றால், “மெடிக்கல் மாடி வக்கீலைப் பாரு” என்பார்கள். அவருடைய அலுவலகம் செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும் என்ற அளவுக்குக் குறுகலான படி. அவர் படியில் பாதி ஏறியிருக்கும்போது மேலிருந்து யாராவது இறங்கினால், இறங்குகிறவர்தான் திரும்பிப் போக வேண்டும். அவர் வழி விட்டு நான் பார்த்ததில்லை.

நான் சமூகப் பணியில் பட்டம் முடித்துவிட்டு, வேலை இழந்தவர்களுக்கு உதவும் ஒரு சிறிய மையத்தில் பணியாற்றினேன். வருகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதி, அவர்களை அவரிடம் அழைத்துப்போவது என் பொறுப்பு. சட்டத்தால் சமூகத்தைத் திருத்திவிட முடியும் என்று அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு அவர் எவ்வளவு உரம் போட்டாரோ அவ்வளவு வெந்நீரும் ஊற்றினார்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. மாடியேறி மூச்சு வாங்க உள்ளே நுழைந்து, “லேட்டாயிடுச்சு, சாரி சார்” என்றேன். அவர் தலை நிமிராமல் தம் குமாஸ்தாவிடம், “ராஜவேலு, எழுதிக்கோ. எம்-ஒண்ணு” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜவேலு ஐம்பதைத் தாண்டிய சாதுவான மனிதர். “ஒக்காருங்கம்மா. இங்க அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத் தரப்பு கொடுக்கும் ஆவணங்களுக்கு ‘எம்’ என்று வரிசை எண் இடுவார்கள். அவர்களுடைய முதல் ஆவணம் எம்-ஒன்று. அவர் கைக்கு வந்த பெரும்பாலான வழக்குகளில் அந்த எம்-ஒன்று, தொழிலாளி தம் கையாலேயே எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதமாக இருந்தது. மேலாளர் ஆறுதலாகத் தோளில் கைவைத்து, “ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா” என்பார். நம் மக்களுக்கு மன்னிப்பு என்பது மரியாதையின் ஒரு வகை. எதிரே நிற்கும் பெரிய மனிதர் கோபமாக இருந்தால், தப்பு யாருடையது என்று பார்க்காமல் “மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிடுவோம்; அவர் தணிந்தால் போதும். மரியாதைக்காகச் சொன்ன அந்தச் சொல் தாளில் ஏறியதும் குற்றத்தை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாகிவிடுகிறது. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் காவலாளி, தம் பணி நேரத்தில் நடக்காத ஒரு தகராறுக்குப் பணிவாக மன்னிப்பு எழுதிக் கொடுத்து, அந்தப் பணிவாலேயே வேலை இழந்தார். அந்த வழக்கில் தோற்ற நாளிலிருந்து வக்கீலின் அகராதியில் அந்தச் சொல் இல்லை என்று ராஜவேலு சொன்னார்.

இதுவரை சரிதான். ஒரு நல்ல வக்கீல் கற்றுக்கொண்ட பாடம். என் பொறுமை தீர்ந்தது அதற்கு மேல்தான். அவர் அந்தப் பாடத்தை நீதிமன்றத்தில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை.

தேநீரை என் கோப்பின் மேல் கொட்டினார். தாள்களை நான் அவசரமாக உதறிக்கொண்டிருக்க, “டம்ளரை மேசை ஓரத்துல வெச்சது யாரு?” என்று விசாரணையைத் தொடங்கினார். வைத்தது அவர்தான். “நான் வெச்சதை நீங்க பார்த்தீங்களா?” என்றார். ராஜவேலுவின் மகள் திருமணத்துக்கு, தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்த பிறகு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற ராஜவேலுவிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம்: “முகூர்த்தத்தை ரொம்பச் சீக்கிரம் வெச்சுட்டே.” ராஜவேலு கைகூப்பி, “ஆமாங்க சார், வெச்சுட்டேன்” என்றார். அருகில் நின்ற அவருடைய சம்பந்தி திகைத்துப்போனார். வக்கீலின் மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: “இவரு என்கிட்ட ஒருநாளும் சண்ட போட்டதில்லம்மா. எதிர்வாதம் பண்ணுவாரு. முடிஞ்சதும் தீர்ப்பும் அவரே சொல்லிடுவாரு.”

கட்சிக்காரர்கள் வேறு. அவர்கள் சிரித்துக் கடக்க முடியாது. படூரில் ஒரு தனியார் கல்லூரியின் பேருந்து ஓட்டுநர் ஒருவரை நான்தான் அவரிடம் அழைத்துப்போனேன். முதல்வரை எதிர்த்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பேசவில்லை, பிரேக் சரியில்லை என்று மட்டும் சொன்னேன் என்பது ஓட்டுநரின் பதில். எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று கல்லூரி சொன்னது. வக்கீல் கூடாது என்றார். வழக்கு நடந்தது, தோற்றது. பிரேக்கைப் பற்றிச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பிறகு அந்த ஓட்டுநரைக் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவோடு பார்த்தேன். “வக்கீல் சார் நல்லாக்கீறாரா மேடம்?” என்று அவரே கேட்டார். அந்த விசாரிப்பில் கசப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். எழுதிக் கொடுத்திருந்தால் அவர் இன்றும் அந்தப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பாரா, அல்லது அடுத்த ஆண்டே அந்தக் கடிதத்தைக் காட்டி வெளியே அனுப்பியிருப்பார்களா? இதை யாராலும் நிறுவ முடியாது. வக்கீலிடம் கேட்டேன். “தோத்தோம். ஆனா அவன் தப்புப் பண்ணினான்னு அவன் கையால எழுதின ஒரு தாள் இந்த உலகத்துல இல்ல” என்றார். அந்தப் பதிலை மெச்சுவதா, அதை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்பதா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அஞ்சலை வந்தது இதற்குப் பிறகு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். கடலைப் பார்த்த ஒரு விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை. விருந்தினர் ஒருவர் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டார் என்பது புகார். படித்த பெண்கள் எல்லோரும் அவருக்கு ‘டீச்சர்’தான், என்னையும் அப்படியே கூப்பிட்டார். வக்கீலை ‘சார்’ என்றும் ‘நீ’ என்றும் ஒரே மூச்சில் அழைத்தார்.

“நான் தட்டினேன் சார். ரெண்டு வாட்டி தட்டினேன். உள்ள ஏசி ஓடிக்கினு கீது, வெளிய கடலு கத்திக்கினு கீது. அந்தாளுக்குக் கேக்கல. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“மேனேஜர் என்ன கேக்கறார்?”

“தட்ட மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிக் குடு, திங்கக்கெழம வந்துடுன்றாரு.”

“எழுதாதே.”

“எழுதினா திங்கக்கெழம வேல கீது சார்.”

“எழுதினா அடுத்த வருஷம் வேற எதுக்காவது அனுப்புவான். அப்ப இதை எடுத்துக் காட்டுவான். செய்யாததைச் செஞ்சேன்னு எழுதாதே. அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் முடிந்துபோன வீடு. அஞ்சலையின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதை வக்கீலிடம் எடுத்துச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அஞ்சலையே, “சரி, எழுதல. தட்டினது தட்டினதுதான்” என்று எழுந்துவிட்டார்.

வேலை போயிற்று. அஞ்சலை மீன்கூடையைத் தூக்கினார். திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போக வேண்டும். கூடையைக் கண்டால் நடத்துநர்கள் விசில் ஊதிவிடுவார்கள். பஸ் நிற்காத நாட்களில் பாதி வழி நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தைய நாள் கூடையை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு, காசிமேட்டில் இருந்த தங்கை வீட்டில் தங்கி, காலையில் நீதிமன்றத்துக்கு வந்தார். மூன்று ஆண்டுகள்.

வக்கீல் உழைக்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒருநாள் தம் மனைவியையும் ராஜவேலுவையும் அழைத்துக்கொண்டு அதே விடுதிக்கு விருந்தினராகப் போனார். கடல் பக்கத்து அறையில் மனைவியை உட்காரவைத்து, ஏசியை ஓடவிட்டு, தாம் கட்டிலில் படுத்துக்கொண்டார். வெளியே ராஜவேலு கதவைத் தட்ட வேண்டும். முதலில் மெல்ல, பிறகு நடுத்தரமாக, பிறகு பலமாக. “எங்க கல்யாணத்துக்கப்புறம் இவரு என்னைக் கூட்டிட்டுப் போன ஒரே ஓட்டல் அதுதாம்மா. அங்கயும் பேசக்கூடாதுன்னுட்டாரு, தட்டற சத்தம் கேக்கணுமாம்” என்றார் அந்த அம்மாள். மெல்லத் தட்டியதும் நடுத்தரமாகத் தட்டியதும் உள்ளே கேட்கவில்லை. மூன்றாவதைக் கேட்டு எதிர் அறைக்காரர் கதவைத் திறந்து ராஜவேலுவைத் திட்டினார். மறுநாள் அலுவலகத்தில் வக்கீல் குழந்தையைப் போலச் சிரித்தார். “தட்டியிருக்கா. அவனுக்குக் கேக்கல. இதுதான் கேஸ். மேனேஜர் மட்டும் கூண்டுல ஏறட்டும்.”

மேலாளர் அதற்குள் கோவாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். சாட்சி சொல்ல அங்கிருந்து வரவேண்டும். பல வாய்தாக்கள் கழித்து ஒரு தேதியில் வந்தார். அந்த ஒரு தேதியில்தான் எங்கள் வக்கீல் வரவில்லை.

காலையில் வழக்கு கூப்பிடப்பட்டது. அஞ்சலை உள்ளே போய், “வக்கீலு வந்துகினு கீறாருங்க” என்றார். நீதிபதி பிற்பகலுக்கு ஒத்திவைத்தார். நான் வெளியே போய்த் தொலைபேசி பூத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேசினேன். மருந்துக்கடைக்காரர் எடுத்து, “காலைலயே ரயிலுக்குப் போயிட்டாரும்மா, குமாஸ்தாவும் கூடவே போனாரு” என்றார். விபத்தோ என்று பயந்தேன். பிற்பகலில் மீண்டும் கூப்பிட்டார்கள். மேலாளர் கூண்டில் நின்று, தம் தரப்பு வாக்குமூலத்தைச் சொல்லிவிட்டு, குறுக்கு விசாரணைக்குக் காத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தம் சாட்சி எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருக்கிறார் என்பதை உருக்கமாக விளக்கினார். இன்னொரு தேதி கொடுங்கள் என்று நான் எழுந்து கேட்டேன். “நீங்க யாரும்மா?” என்றார் நீதிபதி. அந்த அறையில் நான் யாரும் இல்லை. ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று பதிவாயிற்று. அதாவது மேலாளர் சொன்னது அனைத்தும் மறுப்பின்றி நின்றது. பதிவின்படி, கதவு தட்டப்படவில்லை.

வக்கீல் மூன்று மணிக்கு மேல் படியேறி வந்தார். கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. பின்னால் ராஜவேலு கட்டுகளைச் சுமந்துகொண்டு, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்தார். நடந்ததை நான் சொன்னேன். வக்கீல் கேட்டுவிட்டு, “நீதிபதி அவசரப்பட்டுட்டார்” என்றார்.

என்ன நடந்தது என்பதை ராஜவேலுதான் படிக்கட்டின் மூலையில் என்னிடம் சொன்னார்.

மின்ரயிலில் தாம்பரத்துக்கு முன்பு, ரயில் குலுங்கியபோது வக்கீல் ஒருவருடைய காலை மிதித்துவிட்டார். அந்தக் கால்விரலில் கட்டுப் போட்டிருந்தது.

“யோவ் வக்கீலு, கட்டு போட்டுகினு நிக்கிறேன், கண்ணு தெர்ல? மிதிச்சிட்டு சொம்மா போய்கினே கீற?” என்றிருக்கிறார் அந்த மனிதர்.

“ரயில் பிரேக் போட்டது. நானா மிதிக்கல.”

“சர்தான், ஒரு சாரி சொல்லு, வுட்டுடறேன்.”

“ரயில் செஞ்சதுக்கு நான் ஏன் சொல்லணும்?”

பெட்டியே கூடிவிட்டது. “சொல்லிட்டுப் போ சார், காலங்காத்தால பேஜாரு பண்ணாத” என்று ஒருவர். “சொன்னா வாய்ல இருக்கிற பல்லு கொட்டிடுமா அண்ணாத்த?” என்று இன்னொருவர். தாம்பரம் வந்ததும் கால்வலிக்காரர் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். பொத்தான் அங்கேதான் போனது. ரயில்வே காவலர்களிடம் போனார்கள். அங்கே ஒரு காவலர் இருவரையும் பார்த்து, இதை முடித்துவைக்க நினைத்து, “வுடுங்க சார், நான் வேணா உங்க சார்பா அவருகிட்ட சாரி சொல்லிடறேன், நீங்க கோர்ட்டுக்குக் கெளம்புங்க” என்றிருக்கிறார்.

“என் சார்பா ஒப்புக்க உங்களுக்கு அதிகாரம் யார் குடுத்தது?” என்று கேட்டிருக்கிறார் வக்கீல்.

அதோடு காவலரின் நல்லெண்ணமும் தீர்ந்தது. எழுதுங்கள், விசாரியுங்கள், இரு தரப்பையும் பதிவு செய்யுங்கள் என்று வக்கீலே அடம்பிடித்தார். நேரம் ஓடிற்று. “நானாவது முன்னாடி போயி வாய்தா கேக்கட்டுமா சார்னு கெஞ்சினேம்மா” என்றார் ராஜவேலு. “நீ போகக் கூடாது, நீதான் என் சாட்சின்னுட்டாரு.”

அன்று திரும்பும் ரயிலில் அஞ்சலை பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ரயில் சைதாப்பேட்டையைத் தாண்டியது. பிறகு சொன்னார்: “அந்த ஒத்த வார்த்தய நான் சொல்லாததால எனக்கு வேல பூட்ச்சி. அத்த அவரு சொல்லாததால என் கேசும் பூட்ச்சி. அதுல இன்னாதான் கீது டீச்சர், சொல்லு.” மறுநாள் வேறு வக்கீலைத் தேடலாமா என்று கேட்டேன். “புதுசா ஒருத்தருக்கு மொதல்லேருந்து கத சொல்லணும். வாணாம்” என்றார்.

வழி ஒன்று இருந்தது. சாட்சியை மறுபடி அழைக்கக் கோரி மனுப் போடலாம். அன்றைக்கு வர முடியாததற்குத் தக்க காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் வழக்கத்தில் இருந்தது: மஞ்சள் காமாலை. கட்சிக்காரருக்குக் காமாலை, வக்கீலுக்குக் காமாலை, கட்சிக்காரரின் தாயாருக்குக் காமாலை. அந்த மனுக்களை ஒரு மருத்துவர் படித்தால் மாவட்டத்தில் எவருக்கும் ஈரல் சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஆங்கில மருந்து வேண்டாமென்று கீழாநெல்லி சாப்பிட்டதாக எழுதினால் மருத்துவரின் சான்றும் வேண்டியதில்லை. நீதிபதிகளுக்கும் இது தெரியும். தெரிந்தே அனுமதிப்பார்கள்.

ராஜவேலு வழக்கம்போல மனுவை அடித்து வைத்திருந்தார். ‘எனது வழக்கறிஞர் மேற்படி தேதியில் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு வைத்தியம் செய்துகொண்டு படுக்கையில் இருந்தார்’ என்று அஞ்சலை உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ராஜவேலு படித்துக் காட்டினார். அஞ்சலை எழுந்து போய் வக்கீலின் முகத்துக்கு அருகே குனிந்து பார்த்தார்.

“கண்ணு மஞ்சளாவே இல்லியே சார்.”

“இது ஒரு வழக்கம்மா. எல்லாரும் போடறதுதான். யாருக்கும் கெடுதல் இல்ல.”

“எனக்குத் தெரிஞ்சி உனுக்குக் காமால வர்ல. நீ தாம்பரத்துல ஒருத்தன் கால மிதிச்சிட்டு சண்ட போட்டுகினு இருந்த. அத்த எழுது.”

“அதை எழுதினா என் தப்புன்னு நானே ஒப்புக்கிட்டதா ஆகும். எதிர் வக்கீல் அதைப் புடிச்சிக்குவான்.”

“ஆமா, உன் தப்புதானே?”

ராஜவேலு தட்டச்சுப் பொறியின் விசைகளைத் துடைக்கத் தொடங்கினார். நான் தலையிட்டு, சட்டப்படி இது ஒரு சடங்குதான், இதனால் உங்கள் வழக்குக்கு உயிர் வரும் என்று அஞ்சலைக்கு விளக்கப் பார்த்தேன். அஞ்சலை என்னைக் கையமர்த்திவிட்டு அவரையே பார்த்தார்.

“நடக்காதத எழுதாதன்னு சொன்னியே சார், மூணு வருசம் மீன் தூக்கினேன். நடந்தத எழுதாதன்னு நீ எப்பவும் சொல்லலியே.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். நான் அவரிடம் என்னென்னவோ பேசினேன். சற்றுக் கடுமையாகவே பேசினேன். கொள்கை என்பது பிறருடைய சோற்றில் வைத்துப் பார்க்கிற சோதனை அல்ல என்றேன். படூர் ஓட்டுநரைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டது எனக்கு அச்சமூட்டியது. கடைசியில், “ராஜவேலு, தாள் மாட்டு. என் பேர்ல” என்றார்.

வேறு ஒருவராக இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர் மாலை முழுவதும் எடுத்துக்கொண்டார். ‘எனது கால் சக பயணியின் கால் மீது பட நேர்ந்தது’ என்று சொன்னார். ராஜவேலு அடித்து முடித்ததும் வேண்டாம் என்றார். ‘ரயிலின் அசைவினால்’ என்று தொடங்கச் சொன்னார். அதுவும் வேண்டாம் என்றார். தாள்கள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. முடிவில் நின்றது மிகச் சிறியது. ரயிலில் ஒருவரின் காலை மிதித்தேன். அவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் மறுத்து வாதிட்டதால் நீதிமன்றத்துக்கு வர இயலவில்லை. இது என் தவறு, என் கட்சிக்காரருடையது அன்று.

“‘மன்னிப்புக் கோருகிறேன்’னு கடைசில போட்டுடவா சார்? மாமூலா போடறதுதான்” என்றார் ராஜவேலு.

“தவறுன்னு போட்டாச்சு இல்ல. போதும்.”

மனு விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் அதை உரக்கப் படித்தார். மிகவும் ரசித்துப் படித்தார். அறை முழுவதும் சிரித்தது. வழக்குகளைக் கூப்பிடும் டவாலிகூடச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் வக்கீல் நேராக நின்றார். காதுகள் மட்டும் சிவந்திருந்தன.

“இது உண்மையா?” என்று கேட்டார் நீதிபதி.

“உண்மை.”

“காமாலைன்னு போட்டிருந்தா இவ்வளவு கேள்வி வந்திருக்காதே.”

“கட்சிக்காரர் ஒத்துக்கல.”

நீதிபதி தலையைத் திருப்பி, கடைசி வரிசையில் கையில் பையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்தார். சாட்சியை மறுபடி அழைக்க உத்தரவிட்டார்.

மேலாளர் கோவாவிலிருந்து மீண்டும் வந்தார். வக்கீலின் குறுக்கு விசாரணையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று போல் கேட்டதில்லை. அந்த அறையில் ஏசி ஓடும்போது கதவைத் தட்டினால் உள்ளே கேட்குமா என்றார். கேட்கும் என்றார் மேலாளர். நீங்கள் உள்ளே இருந்து கேட்டிருக்கிறீர்களா என்றார். இல்லை. “நான் கேட்டுப் பார்த்தேன்” என்று தொடங்கியவரை, “நீங்க சாட்சி சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க” என்று நீதிபதி அடக்கினார். பிறகு வக்கீல் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இந்தப் பெண் மன்னிப்பு எழுதிக் குடுத்திருந்தா வேலையில வெச்சிருப்பீங்களா?”

“கண்டிப்பா. நாங்க ஒண்ணும் இரக்கமில்லாதவங்க இல்ல.”

“அப்ப நீங்க அவங்களை அனுப்பினது கதவைத் தட்டாததுக்காக இல்ல. கடிதம் எழுதாததுக்காக.”

மேலாளர் தம் வக்கீலைப் பார்த்தார். அவர் எழுந்து ஆட்சேபித்தார். ஆட்சேபணை பதிவாயிற்று, அதற்கு முந்தைய பதிலும் பதிவாகியிருந்தது. மூன்று ஆண்டுகள் அவர் எதற்காக அந்தச் சொல்லை எழுத விடாமல் காத்தார் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அதே சொல்லை ரயிலில் சொல்ல மறுத்ததால் அந்த நிமிடமே இல்லாமல் போயிருக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்து, விளங்கியதன் இன்பத்தைக் கெடுத்தது.

தீர்ப்பு அஞ்சலைக்குச் சாதகமாக வந்தது. பணித் தொடர்ச்சியோடு வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் வேலை முடிந்து எங்கள் மையத்துக்கு வந்தார். “எல்லா ரூம்புக்கும் பெல்லு வெச்சிட்டாங்க டீச்சர். தட்டவே வாணாம்” என்றார். பிறகு, “சாருகிட்ட சொன்னேன். பெல்லு வேல செய்யுதான்னு டெஸ்ட் பண்ணிக்கோன்றாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அஞ்சலையிடம் அவர் அந்தச் சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. அஞ்சலையும் பிறகு கேட்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் அவர் தொழில் நடத்தினார். படியில் வழி விடவில்லை. தேநீரைக் கொட்டினால் டம்ளரைத்தான் விசாரித்தார்.

மாறியவை இரண்டு. மன்னிப்புக் கடிதம் எழுதலாமா என்று கேட்டு எங்கள் மையத்துக்கு வந்தவர்களிடம், எழுதினால் வரக்கூடியதையும் எழுதாவிட்டால் வரக்கூடியதையும், படூர் ஓட்டுநரின் கதையையும் அஞ்சலையின் கதையையும், நான் முதலிலேயே சொல்லத் தொடங்கினேன். அவர்களே முடிவு செய்த பிறகே மாடிக்கு அழைத்துப்போனேன். அந்த மாடியிலிருந்து அதன் பிறகு காமாலை என்று ஒரு மனுவும் போகவில்லை. வர முடியாத நாட்களுக்கு உண்மையான காரணத்தை எழுதினார்கள். அவற்றில் சில தள்ளுபடியாயின.